லீவில் வாங்கும் வீடு

வேலூர் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே பலரும் சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பி வைக்கும் ஊர். அங்கே மட்டுமல்ல, வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களின் பல கிராமங்களிலும் பையன் நாயக் ஆனதும் வீட்டில் இரண்டு பேச்சு எழும். ஒன்று கல்யாணம், இன்னொன்று வீடு. கல்யாணத்துக்கு உறவு முழுக்க யோசனை சொல்லும். வீட்டுக்கு யோசனை சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் மனை விற்பவர்கள்.

அவர்கள் பேச்சு கேட்க நன்றாகவே இருக்கும். "நீங்க எப்படியும் காஷ்மீர், அஸ்ஸாம்னு இருக்கப் போறீங்க. வீட்டை வாடகைக்கு விட்டுடுங்க. பாதி இ.எம்.ஐ. அதுலயே போயிடும். ரிட்டயர் ஆகி வரும்போது வீடு உங்களுது." இதில் உண்மையும் இருக்கிறது. பட்டாளத்துக்காரருக்குத் தங்க யூனிட்டில் இடம் உண்டு, சாப்பாடு உண்டு. பீஸ் ஸ்டேஷனில் வரிசைப்படி குடும்பத்துக்குக் குவார்ட்டர்ஸும் கிடைக்கும். சொந்த வீடு இருந்தாலும் அதில் குடியிருக்க வழியில்லாதபோது வாடகைக்கு விடுவது நியாயமான முடிவுதான். வீடு வாங்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வாடகையை நம்பி வாங்காதீர்கள், ஓய்வு பெறும் தேதியை வைத்து வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கணக்கைப் போட்டே பார்ப்போம். காட்பாடியிலோ ஆரணியிலோ 36 லட்சத்துக்கு ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கையில் 6 லட்சம், வங்கியில் 30 லட்சம். வட்டி 8.5 சதவீதம், 20 வருஷம் என்றால் மாதத் தவணை 26,000 ரூபாய்க்குச் சற்று மேலே வரும். முதல் மாதத் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அந்த வீட்டுக்கு 9,000 வாடகை வந்தால் பெரிது. அது வீட்டு விலையில் வருஷத்துக்கு 3 சதவீதம். மீதி 17,000 சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும். பத்திரச் செலவு தனி. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 36 லட்சத்துக்கே பத்திரம் போட்டால் 3,24,000 ரூபாய். பலரும் இதற்குப் படைவீரர் சேமநல நிதியில் கைவைக்கிறார்கள். அல்லது மனைவியின் நகை அடகுக்குப் போகிறது.

இதுவரை எந்தச் சம்பளக்காரருக்கும் பொருந்தும் கணக்குதான். பட்டாளத்துக்காரருக்கு மட்டும் ஒரு மாதம் வேறு மாதிரி வருகிறது.

சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் பலர் 40 வயதை ஒட்டியே வெளியே வந்துவிடுகிறார்கள். 15 வருஷ சர்வீஸ் இருந்தால் பென்ஷன் உண்டு. கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி. 30 வயதில் போட்ட 20 வருஷக் கடனோ 50 வயது வரை ஓடும். சம்பளம் பாதியாகும் அதே சமயத்தில் அவர் பெட்டி படுக்கையோடு ஊருக்கு வந்து, குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, சொந்த வீட்டில் பால் காய்ச்சுகிறார். அன்றோடு 9,000 ரூபாய் வாடகையும் நின்றுவிடுகிறது. வரும்படி இரண்டு பக்கமும் ஒரே மாதத்தில் இறங்க, 26,000 ரூபாய் தவணை மட்டும் அப்படியே நிற்கிறது. பிள்ளைகள் அப்போதுதான் பிளஸ் டூ, கல்லூரி என்று வருவார்கள். மனை விற்பவர் போட்டுக் காட்டும் கணக்கில் இந்த மாதம் இருப்பதில்லை.

பென்ஷனில் 50 சதவீதம் வரை கம்யூட் செய்து மொத்தத் தொகையாக வாங்கிக் கடனை அடைப்பவர்கள் உண்டு. நல்ல வழிதான். ஆனால் கம்யூட் செய்த பங்கு திரும்பப் பென்ஷனில் சேர 15 வருஷம் ஆகும். அதுவரை மீதிப் பென்ஷனும், செக்யூரிட்டி வேலையோ வங்கிக் காவலர் வேலையோ கிடைத்தால் அந்தச் சம்பளமும்தான். ஆகவே கடன் எத்தனை வருஷம் என்று வங்கி கேட்கும்போது, இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் பாக்கி என்பதைச் சொல்லுங்கள். 12 வருஷம் பாக்கி என்றால் கடனும் 12 வருஷம். தவணை கட்டுப்படியாகவில்லையா, வீட்டைச் சின்னதாகப் பாருங்கள். ஊரில் தாத்தா மனையிலேயே இரண்டு அறையும் அடுப்படியும் கட்டி மேலே ஒரு போர்ஷன் எடுத்தால், கீழே குடும்பம் வந்த பிறகும் மேல் வாடகை நிற்காது. எனக்குத் தெரிந்து பட்டாளத்துக் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாடகை வீடு இல்லை.

வரி மிச்சம் என்று சொல்லி விற்கப் பார்ப்பார்கள். 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே இல்லை. ஹவில்தார் சம்பளத்துக்கு விழாத வரியை வீடு எப்படி மிச்சப்படுத்தும்? தவிர, வாடகைக்கு விட்ட வீட்டின் வட்டி நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிப்பது புதிய முறையில் முடியாது. பழைய முறையில்தான் வருஷத்துக்கு 2 லட்சம் வரை கழிக்கலாம்.

காட்பாடியில் ஒரு ஹவில்தார் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் ராஜஸ்தானில் இருக்கிறார். மனைவி இரண்டு பிள்ளைகளோடு மாமியார் வீட்டில். கடன் போட்டு வாங்கிய வீடு நாலு தெரு தள்ளி. பேசிக்கொண்டிருக்கும்போதே குடியிருப்பவரிடமிருந்து போன் வந்தது: மோட்டார் ஓடவில்லை, தொட்டி காலி. அந்த அம்மா உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். "கெபாசிட்டர் போயிருக்கும்ணா, அதை மட்டும் மாத்திப் பாருங்க. காயில் கட்டணும்னா எனக்குச் சொல்லிட்டுக் கழட்டுங்க" என்றார். பிறகு ஒரு நீள நோட்டை எடுத்து அன்றைய தேதியைப் போட்டார். வாடகை வந்த நாள், கரண்ட் ரீடிங், வெள்ளையடித்த செலவு எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. "அவரு போன்ல வாடகை வந்துடுச்சாம்மான்னு கேப்பாரு. வந்துடுச்சுங்கன்னு சொல்லுவேன். மோட்டார் கதையெல்லாம் சொல்றதில்ல. டூட்டியில இருக்கிற மனுஷன் அதைக் கேட்டு என்ன பண்ணுவாரு?"

அந்த வீட்டை நடத்துவது முழுக்க அவர்தான். ஆனால் பத்திரத்திலும் அவர் பெயர் இல்லை, கடன் கணக்கிலும் இல்லை. வட்டி விவரம் கேட்டு வங்கிக்குப் போனபோது கணவர் வரட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். கணவருக்கு அடுத்த லீவு எப்போது என்று யாருக்கும் தெரியாது. இதைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. அதிலும் ரயிலில் போகும் நாட்கள் உண்டு. மீதி நாளெல்லாம் வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் பெயர் பத்திரத்தில் வேண்டாமா? கூட்டுப் பெயரில் வாங்குங்கள், கடனிலும் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். 10 லட்சத்துக்குள் மனையோ வீடோ பெண் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கடனோடு வங்கி விற்கும் காப்பீட்டை வாசிக்காமல் வாங்காதீர்கள். எந்தெந்த மரணத்துக்குப் பணம் கிடைக்காது என்ற பட்டியல் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அதில் போர், பயங்கரவாதத் தாக்குதல் என்று ஏதாவது இருந்தால் அந்தப் பாலிசியால் படைவீரர் குடும்பத்துக்கு என்ன பயன்?

வாடகைக்கு விடும்போது பெரிய ஆசை காட்டுவது போக்கியம். 5 லட்சம், 6 லட்சம் மொத்தமாகக் கைக்கு வரும், மாத வாடகை கிடையாது. அதை வைத்து முன்பணத்தைச் சமாளித்துவிடலாம் என்று தோன்றும். வங்கியில் அடமானத்தில் இருக்கும் வீட்டை வங்கிக்குத் தெரியாமல் போக்கியத்துக்கு விடுவது வம்பு. தவணைக்குத் துணையாக வாடகையும் வராது. ஓய்வு பெற்று வரும் மாதத்தில் அந்த 6 லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தால்தான் சொந்த வீட்டில் கால் வைக்கலாம். சம்பளம் பாதியான அதே மாதத்தில்!

மாத வாடகைக்கே விடுங்கள், முறையாக விடுங்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்தும் காலி செய்யாமல் இருப்பவர் இரட்டை வாடகை தர வேண்டும். தெரிந்தவர்தானே என்று வாய்ப்பேச்சில் விட்டவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஓய்வு பெறும் தேதி தெரிந்திருப்பது பட்டாளத்துக்காரருக்கு ஒரு வசதி. கடைசி ஒப்பந்தம் அதற்கு இரண்டு மாதம் முன்பே முடியும்படி எழுதிக்கொள்ளுங்கள்.

மனைவிக்கோ அப்பாவுக்கோ பவர் கொடுப்பதானால் லீவில் ஊரில் இருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். வாடகை வாங்க, ஒப்பந்தம் போட, வரி கட்ட, வங்கியில் பேச என்று வேலைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். வீட்டை விற்கும் அதிகாரம் அதில் இருக்க வேண்டியதில்லை.

வழக்கு என்று வந்துவிட்டாலும் கலங்க வேண்டாம். வழக்குக்காக லீவு தரப்பட்டிருக்கிறது என்று ராணுவ அதிகாரி தரும் சான்றிதழைக் கொடுத்து மனுப் போட்டால், கூடியவரை அந்த லீவுக்குள்ளேயே விசாரித்து முடிக்கக் கோர்ட்டு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது 1950-ஆம் வருஷ ராணுவச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு. இப்படி ஒரு பிரிவு இருப்பது பல வீரர்களுக்குத் தெரிவதில்லை. வக்கீலிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில், பணியில் இருப்பவரின் மனைவியும் போய் உதவி கேட்கலாம்.

2022-இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த தம்பிகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. முதல் வருஷம் கையில் வருவது மாதம் 21,000. நாலு வருஷம் முடிந்ததும் சேவா நிதி சுமார் 11.71 லட்சம், வரி இல்லாமல். பென்ஷன் கிடையாது. நூற்றுக்கு 25 பேர் வரைதான் தொடர்ந்து பணியில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள். சேவா நிதி வரும்போது கட்டிக்கொள்ளலாம் என்று இப்போதே மனைக்கு முன்பதிவு வாங்குகிறார்கள். கொடுக்காதீர்கள், தம்பி. 25 வயதில் வெளியே வந்து படிக்கவோ தொழில் தொடங்கவோ உங்களிடம் இருக்கும் ஒரே பணம் அதுதான். பணியில் தொடரும் உத்தரவு கைக்கு வந்த பிறகு வீட்டைப் பற்றிப் பேசலாம். அதுவரை டோக்கன் அட்வான்ஸ் பத்தாயிரம்கூட யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை.