சிறகுள்ள நோயாளிகள்: அயல்நாட்டுப் பறவைகளுக்கும் பிராணிகளுக்கும் மருத்துவ வசதி

விலங்குகளுக்கான மருத்துவத்தைத் தமிழில் ‘கால்நடை மருத்துவம்’ என்கிறோம். இத்துறை எதற்காகத் தோன்றியது என்பதைப் பெயரே உணர்த்துகிறது. உழவுக்கும் பாலுக்கும் இறைச்சிக்கும் பயன்படும் பிராணிகளைக் காப்பதே அதன் முதல் பணி. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் கால்நடைகள் ஏறத்தாழ 53.58 கோடி, கோழியினங்கள் 85.18 கோடி. மருந்தகங்களும் தடுப்பூசித் திட்டங்களும் கல்லூரிப் பாடங்களும் இவற்றையே மையமாகக் கொண்டு அமைந்தது இயல்பே.

ஆனால் நகரங்களில் நிலைமை மாறி வருகிறது. ‘லவ் பேர்ட்ஸ்’ என வழங்கும் பட்ஜெரிகர், காக்டெயில், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்கா ஆகிய பறவைகளும், முயல், கினிப்பன்றி, இகுவானா போன்ற பிராணிகளும் அடுக்குமாடி வீடுகளில் வளர்க்கப்படுகின்றன. வாங்குவதற்குக் கடை அருகிலேயே இருக்கிறது. நோயுற்றால் காட்டுவதற்கு மருத்துவர் அருகில் இருப்பதில்லை. இந்த இடைவெளியின் காரணங்களையும், அதைக் குறைக்கும் வழிகளையும் ஆராய்வது பயனுடையதாகும்.

தனித் தேர்ச்சி ஏன் தேவை?

ஓர் உயிரினத்துக்கு ஏற்ற மருந்து இன்னொன்றுக்கு நஞ்சாகலாம். நம் நாடு இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. கால்நடைகளின் வலியைத் தணிக்கக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து மாட்டுக்குத் தீங்கு செய்யவில்லை. ஆனால் அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. 1990-களில் தொடங்கிய இவ்வீழ்ச்சியில் சில இனங்கள் 95 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. கால்நடைகளுக்கு இம்மருந்தைப் பயன்படுத்துவது 2006இல் தடை செய்யப்பட்டது.

வீட்டுப் பிராணிகளுக்கும் இது பொருந்தும். நாய்க்கு வாய்வழியே தரப்படும் பெனிசிலின் வகை மருந்துகள் முயலின் குடலில் உள்ள நன்மை தரும் நுண்ணுயிர்களை அழித்து, உயிருக்கே உலை வைக்கலாம். கினிப்பன்றியின் உடல் வைட்டமின் ‘சி’யைத் தானே உண்டாக்கிக் கொள்வதில்லை, அதை உணவிலேயே அளிக்க வேண்டும். புற ஊதா ஒளி கிடைக்காத இகுவானாவின் எலும்புகள் வலுவிழந்து வளைகின்றன.

பறவைகளின் நிலை இன்னும் நுட்பமானது. பட்ஜெரிகரின் எடை 35 கிராம் அளவே. அதன் உடலிலுள்ள மொத்த இரத்தம் ஏறத்தாழ 3.5 மில்லி லிட்டர். சோதனைக்காக அதில் 0.35 மில்லி லிட்டருக்கு மேல், அதாவது ஏழு துளிகளுக்கு மேல், எடுப்பது ஆபத்து. மேலும், பகை விலங்குகளிடமிருந்து தப்பும் பொருட்டுப் பறவைகள் நோயை மறைக்கும் இயல்புடையவை. சிறகைச் சிலிர்த்துக் கொண்டு கூண்டின் அடியில் ஒடுங்கி அமரும் பறவை அன்றுதான் நோயுற்றது என்று கருதலாகாது. பெரும்பாலும் பல நாள் நோயின் இறுதிக் கட்டமே அது.

பற்றாக்குறையின் பொருளாதாரம்

பட்டம் பெற்ற ஒவ்வொரு கால்நடை மருத்துவரும் பறவையின் உடலமைப்பை ஓரளவு கற்றவரே. ஆயினும் கோழிப் பண்ணை மருத்துவம் மந்தையைக் காப்பது; கூண்டுப் பறவை மருத்துவமோ ஒரே உயிரைக் காப்பது. பின்னதற்குக் கிராம் அளவில் எடை காட்டும் தராசு, சுவாசத்தின் வழி மயக்கம் தரும் கருவி, வெப்பமூட்டிய கூண்டு, நுண்ணிய அறுவைக் கருவிகள் ஆகியவை தேவை. இம்முதலீடு பலன் தர வேண்டுமானால் நோயாளிகள் தொடர்ந்து வர வேண்டும். ஆனால் இப்பிராணிகளை வளர்ப்போர் சிதறிக் கிடக்கிறார்கள். பறவையின் விலையை விட மருத்துவச் செலவு மிகும்போது சிகிச்சையைக் கைவிடுவோரும் உண்டு. தேவை திரளாததால் சேவை வளரவில்லை; சேவை இல்லாததால் தேவை வெளிப்படவில்லை.

தேவை ஓரிடத்தில் திரண்டால் சேவை வளரும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே, 1929இல் தொடங்கப்பெற்ற சமணர் அறப் பறவை மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. குஜராத்தில் உத்தராயணப் பட்டத் திருவிழாவின்போது மாஞ்சாக் கயிற்றில் காயமுறும் பறவைகளுக்காக, 2017 முதல் மாநில அரசு ‘கருணா’ இயக்கத்தை நடத்தி வருகிறது.

சட்டமும் சிகிச்சையும்

சிகிச்சைக்கு மற்றொரு தடை அச்சம். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதை அறிந்தோ அறியாமலோ வளர்ப்பவர்கள், அது நோயுற்றால் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குகின்றனர். இத்தகைய கிளியை மேலும் மறைத்து வைப்பதை விட, வனத்துறையிடம் ஒப்படைப்பதே நேர்வழி.

அயல்நாட்டு இனங்களுக்கு வேறு விதி. அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் வாணிகம் குறித்த பன்னாட்டு ஒப்பந்தத்தில் இந்தியா 1976இல் சேர்ந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும் 2024ஆம் ஆண்டு விதிகளும், அவ்வொப்பந்தப் பட்டியலிலுள்ள உயிரினங்களை வைத்திருப்போர் ‘பரிவேஷ்’ இணையதளத்தின் வழியே பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்கா, இகுவானா ஆகியவை இதில் அடங்கும். பட்ஜெரிகரும் காக்டெயிலும் அடங்கா. முறையான பதிவு உடையவர் மருத்துவரிடம் செல்ல அஞ்ச வேண்டியதில்லை.

மருத்துவரைத் தேடும் முறை

நோய் வந்தபின் தேடுவது காலம் கடந்த முயற்சி. பறவையை வாங்கும் முன்பே மருத்துவரைத் தெரிந்து வைத்திருப்பது நன்று. 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், பதிவு பெற்றவரே மருத்துவம் செய்யலாம் என வரையறுக்கிறது. எனவே கடைக்காரரின் மருந்தையும் பிற வளர்ப்போரின் யோசனையையும் சிகிச்சையாகக் கொள்ளலாகாது. கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் போதனா மருத்துவமனைகளில் விசாரிப்பது நல்ல தொடக்கம்.

மருத்துவரிடம் சில வினாக்களைப் பணிவுடன் கேட்கலாம். மாதம் எத்தனை பறவைகளைப் பார்க்கிறார்? எடை பார்த்து மருந்தின் அளவைக் கணக்கிடுகிறாரா? மயக்க மருந்து தரும் வசதி உண்டா? சோதனை மாதிரிகள் எங்கே அனுப்பப்படும்? தம்மால் இயலாததை வேறொருவரிடம் அனுப்புவாரா? கடைசி வினாவுக்கு ‘ஆம்’ என்பவர், அனுபவம் குறைந்தவராயினும் நம்பத் தக்கவர். தனித் தேர்ச்சி பெற்றவர் தொலைவில் இருந்தால், அருகிலுள்ள மருத்துவர் அவருடன் தொலைபேசியில் கலந்து சிகிச்சை செய்வதும் நடைமுறைக்கு உகந்ததே.

வளர்ப்பவரின் பங்கும் உண்டு. வாரம் ஒருமுறை பறவையை எடை பார்த்துக் குறித்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத நோயும் எண்ணில் தெரியும். தினையும் சூரியகாந்தி விதையும் மட்டுமே உண்ணும் கிளிகளுக்கு வைட்டமின் ‘ஏ’ குறைகிறது. கீரையும் காரட்டும் சேர்க்க வேண்டும். புதிய பறவையை ஒரு மாதமேனும் தனியே வைக்க வேண்டும். நோயுற்ற பறவையைச் சிறு கூண்டில் துணி போர்த்தி, கதகதப்பாகக் கொண்டு செல்ல வேண்டும்.

பொது நலன்

இது செல்வர் சிலரின் பொழுதுபோக்கைப் பற்றிய பிரச்சினை அன்று. கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் சிட்டகோசிஸ் நுரையீரலைத் தாக்கும். 2006இல் மகாராஷ்டிரத்தில் பறவைக் காய்ச்சல் முதன்முதலில் கண்டறியப்பட்டபோது, நோயை விரைவில் அறிவதன் அருமை நாட்டுக்குப் புலனாயிற்று. கூண்டுப் பறவைகளைப் பார்க்கும் மருத்துவர், இத்தகைய நோய்களை முதலில் காணும் கண்களாகவும் விளங்குகிறார்.

ஆகவே, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு போதனா மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவு அமைப்பதும், பணியிலுள்ள மருத்துவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி அளிப்பதும், தேர்ச்சி பெற்றோர் பட்டியலை மாநில மன்றங்கள் வெளியிடுவதும் பெருஞ்செலவின்றிச் செய்யத் தக்கவை. சாம்பல் கிளி நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழக் கூடியது. அதை வாங்குவோர் ஏற்பது அத்தனை ஆண்டுகளுக்கான பொறுப்பு. அப்பொறுப்பை நிறைவேற்ற இயலாத இடத்தில், வாங்காமல் இருப்பதே அவ்வுயிருக்குச் செய்யும் முதல் உதவியாகும்.