இன்ஜின் மாறும்; பெட்டி ஒத்துக்கொள்ள வேண்டுமே!

கோயம்புத்தூரில் நான் வைத்திருப்பது வண்டி ஒயரிங் பட்டறை. பழைய மாருதி ஜிப்சியில் வேறு இன்ஜின் இறக்குகிறவர்கள் கடைசியாக வந்து நிற்கிற இடம் அது. இன்ஜின் கிடைத்திருக்கும், மவுண்ட் வெல்டிங் முடிந்திருக்கும், ரேடியேட்டர்கூடப் பொருத்தியிருப்பார்கள். "எல்லாம் முடிஞ்சுதுங்ணா, ஒயரிங் மட்டுந்தானுங்க பாக்கி" என்பார்கள். "இ.சி.யூ. எதுங்க?" என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இன்ஜினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

ஒரு வண்டியின் இன்ஜினைக் கழற்றி இன்னொன்றில் வைப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை பந்தயக் கார்களை உருவாக்கிய ஊர் இது. அவர் பெயரில்தான் செட்டிபாளையத்தில் பந்தயத் தடம் இருக்கிறது. அன்றைய இன்ஜினில் இருந்தது கார்புரேட்டர். பெட்ரோல் குழாய், ஆக்சிலரேட்டர் கேபிள், டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஓர் ஒயர் என்று கொடுத்துவிட்டால் இன்ஜின் ஓடும்.

ஜிப்சியும் அப்படித்தான் தொடங்கியது. 1985இல் வந்தபோது 970 சிசி கார்புரேட்டர் இன்ஜின். பிறகு 1.3 லிட்டர் ஆனது. 2000ஆம் ஆண்டு வாக்கில் 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள இன்ஜின், வந்தது. பழைய ஜிப்சிக்காரர்கள் ஆசைப்படுவது பெரும்பாலும் இந்த எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினுக்குத்தான். கார்புரேட்டர் வண்டியில் அதை வைத்தால், ஏறக்குறைய 3 பார் அழுத்தம் கொடுக்கும் மின்சாரப் பம்பு வேண்டும், சென்சார்கள் வேண்டும், எல்லாவற்றையும் கேட்டு முடிவெடுக்கும் இ.சி.யூ. என்ற கணினிப் பெட்டி வேண்டும்.

அந்தப் பெட்டியின் வேலை என்ன? இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடுகிறது என்றால் நொடிக்கு 100 சுற்று. கிராங்க் ஒரு டிகிரி திரும்ப ஆகும் நேரம், நொடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் 28 பங்குதான். ஸ்பார்க் அந்தத் துல்லியத்தில் விழ வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை இன்ஜெக்டர் சில மில்லிசெகண்ட் திறந்து மூட வேண்டும். எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதைப் பெட்டி ஓர் அட்டவணையில் பார்க்கிறது. ஒரு பக்கம் இன்ஜின் வேகம், மறுபக்கம் மேனிஃபோல்டு அழுத்தம். 16க்கு 16 என்றால் 256 கட்டங்கள். இதைத்தான் 'மேப்' என்கிறோம். கம்பெனி பெட்டியில் இந்தக் கட்டங்களை, குளிரிலும் வெயிலிலும் மலையிலும் ஓட்டிப் பார்த்துப் பொறியாளர்கள் நிரப்பியிருக்கிறார்கள். தனியாக வாங்கும் பெட்டியில் அவற்றை நாம்தான் நிரப்ப வேண்டும்.

அதனால் ரோட்டில் ஓட்டும் வண்டிக்கு நான் முதலில் சொல்வது, அந்த இன்ஜினோடு பிறந்த ஒரிஜினல் இ.சி.யூ.வைத்தான். குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆவது, ஏ.சி. போட்டால் ஐடில் விழாமல் நிற்பது எல்லாம் அதில் ஏற்கெனவே சரி செய்யப்பட்டிருக்கும். சிக்கல் வேறு இடத்தில் வரும். புதுப்பேட்டை, உக்கடம் போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் இன்ஜினை இறக்கும்போது ஹார்னெஸ் எனும் ஒயர்க் கட்டைக் கட்டரால் வெட்டித்தான் எடுப்பார்கள். வெட்டுப்பட்ட ஹார்னெஸ்ஸில் நிறத்தை மட்டும் நம்பி ஒயர் சேர்ப்பது ஆபத்து. இமொபிலைசர் உள்ள வண்டி என்றால், சாவியில் இருக்கும் சிப்பை அடையாளம் காணாமல் பெட்டி இன்ஜினை ஓட விடாது. பெட்டி இருந்தும் சாவி இல்லையென்றால் அது வெறும் அலுமினியத் தகடு. ஆகவே ஒரே வண்டியிலிருந்து இ.சி.யூ., முழு ஹார்னெஸ், சாவி, சாவித்துளையைச் சுற்றி இருக்கும் இமொபிலைசர் காயில், எலக்ட்ரானிக் திராட்டில் என்றால் ஆக்சிலரேட்டர் பெடல், முடிந்தால் மீட்டர் போர்டு எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குங்கள்.

இரண்டாவது வகை பிக்கிபேக். பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் தயாரிக்கும் பவர்ட்ரானிக் இந்த வகை. சென்சாருக்கும் ஒரிஜினல் பெட்டிக்கும் நடுவே தரகர்போல உட்கார்ந்து, போகிற வருகிற சேதியைக் கொஞ்சம் மாற்றிவிடும். ஓடுகிற இன்ஜினில் கூடுதல் சக்தி எடுக்க நல்லது. ஒரிஜினல் பெட்டியே இல்லாத இன்ஜினை அதனால் ஓட்ட முடியாது.

மூன்றாவது ஸ்டாண்டலோன். ஒரிஜினல் பெட்டியின் துணையில்லாமல் தானே இன்ஜினை ஓட்டும் பெட்டி. ஒரிஜினல் பெட்டி கிடைக்காதபோது, அல்லது டர்போ, கேம் மாற்றம் என்று இன்ஜினே மாறிவிட்டபோது இதுதான் வழி. 2001 வாக்கில் அமெரிக்காவில் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ இருவரும் தொடங்கிய மெகாஸ்குவர்ட், சாமானியனும் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்து செய்துகொள்ளும்படி இதைக் கொண்டுவந்தது. அர்டுயினோ பலகையில் ஓடும் ஸ்பீடுயினோ அதைவிட மலிவு. ஆஸ்திரேலியாவின் ஹால்டெக், நியூசிலாந்தின் லிங்க், ஸ்வீடனின் மேக்ஸ் இ.சி.யூ. போன்றவை தரமானவை. ஆனால் அவற்றின் விலை பழைய எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினின் விலையைத் தாண்டிவிடும்.

விலையைப் பார்ப்பதற்கு முன் இன்ஜினைப் பாருங்கள். கிராங்க் சென்சாரில் இரண்டு ஒயரா, மூன்றா? இரண்டு என்றால் பெரும்பாலும் காந்த வகை. பல்சக்கரம் சுற்றும்போது தானே மின்னழுத்தம் உண்டாக்கும். மூன்று என்றால் பெரும்பாலும் ஹால் வகை. வெளியிலிருந்து மின்சாரம் கேட்கும். பல்சக்கரத்தில் எத்தனை பல், எத்தனை பல் விடுபட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். 36இல் ஒன்று, 60இல் இரண்டு என்பவை அடிக்கடி வருபவை. இன்ஜெக்டரின் ரெசிஸ்டன்ஸை மல்டிமீட்டரில் அளந்து எழுதுங்கள். 12 ஓமுக்கு மேல் என்றால் கவலையில்லை. 2, 3 ஓம் என்றால் அதைத் தாங்கும் டிரைவர் உள்ள பெட்டி வேண்டும், அல்லது தொடரில் ரெசிஸ்டர் போட வேண்டும். எலக்ட்ரானிக் திராட்டில் என்றால் அதை ஓட்டத் தெரிந்த பெட்டிதான் வேண்டும். மலிவுப் பெட்டிகள் பலவற்றில் அது கிடையாது.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, ஸ்டாண்டலோன் பெட்டி போட்ட வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். செல்ஃப் அடிக்கிறது, பெட்ரோல் வருகிறது, இன்ஜின் மட்டும் உறுமி உறுமிச் சாகிறது. லேப்டாப்பில் டியூனர்ஸ்டூடியோ என்ற டியூனிங் மென்பொருளைத் திறந்தால் ஆர்.பி.எம். முள் 200க்கும் 3,000க்கும் நடுவே குதிக்கிறது. காந்த வகை சென்சாரின் இரண்டு ஒயரும் இடம் மாறியிருந்தன. அப்படி மாறினால் பல் கடக்கும் நேரத்தைப் பெட்டி தவறாகப் புரிந்துகொள்ளும். இரண்டையும் மாற்றிச் சேர்த்ததும் முள் நின்றது, இன்ஜினும் பிடித்தது. "பெட்டி போச்சுன்னு சொன்னாங்கண்ணா" என்றார். பெட்டியில் பழுதே இல்லை.

பிறகு மேப். வெளிநாட்டில் யாரோ போட்ட மேப்பை இறக்கி ஏற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சுத்தப் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்பது எடைக் கணக்கு. நம் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது; அதற்கு ஏறக்குறைய 13.5க்கு 1. பழைய மேப்பை அப்படியே ஓட்டினால் லோடில் லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, ஓடி பிஸ்டனைச் சுடலாம். சாதாரண ஆக்சிஜன் சென்சார், கலவை ரிச்சா லீனா என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு என்று அறிய பாஷ் எல்.எஸ்.யூ. 4.9 போன்ற வைட்பேண்டு சென்சார் வேண்டும். அதைப் பார்த்துக் கட்டம் கட்டமாக மேப்பைத் திருத்தத் தெரிந்த ஆள் வேண்டும். எந்தப் பெட்டி என்று என்னைக் கேட்பவர்களிடம், "உங்க ஊர்ல டியூன் பண்றவருக்கு எது பழக்கம்?" என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான். அவருக்குத் தெரியாத விலை உயர்ந்த பெட்டியைவிட, தெரிந்த மலிவுப் பெட்டி நன்றாக ஓடும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. இன்ஜின் எண் ஆர்.சி.யில் இருக்கிறது. ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் மாற்றிய வண்டிக்கு விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரிக்க வாய்ப்புண்டு.

ரோட்டு வண்டிக்கு ஒரிஜினல் இ.சி.யூ.; தடத்தில் மட்டும் ஓடும் வண்டிக்கு, அல்லது உள்ளேயே மாற்றிய இன்ஜினுக்கு ஸ்டாண்டலோன். இதுதான் என் தீர்ப்பு. எதுவானாலும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், அடுத்து டியூன் செய்பவரைப் பாருங்கள், பிறகு பெட்டியை முடிவு செய்யுங்கள். இன்ஜினுக்குப் பணம் கொடுப்பது அதற்கப்புறம்.