மூட்டை கட்டத் தெரியுமா?

வீடு மாற்றியவர்களைக் கேளுங்கள், சாமான் வாங்குவதைவிட மூட்டை கட்டுவதுதான் பெரும்பாடு என்பார்கள். கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். புரோகிராம் எழுதுகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கும். எழுதின நூற்றுக்கணக்கான ஸோர்ஸ் கோட் ஃபைல்களை ஒரே மூட்டையாகக் கட்டித்தருகிற குட்டி புரோகிராமை யாரும் சீந்துவதில்லை.

இந்தத் தொழிலில் ஒரு பெரியவர் இருக்கிறார். பெயர் 'டார்'. டேப் ஆர்க்கைவ் என்பதன் சுருக்கம். 1979-ல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்தவர். காந்த நாடாவில் வரிசையாக எழுதுவதற்காகப் பிறந்தவர். ஒவ்வொரு ஃபைலுக்கும் முன்னால் 512 பைட்டில் ஒரு சீட்டு: பெயர், அளவு, தேதி, யாருடையது. அப்புறம் சரக்கு. முடிந்தது விஷயம்! அமுக்கிச் சுருக்குவது அவர் வேலையல்ல. அதற்கு 1992-ல் 'ஜிஸிப்' வந்தது, பிற்பாடு 'எக்ஸ்-ஸெட்'.

"இவ்வளவுதானே, நம்ம ஆபீஸுக்குன்னு ஒண்ணு எழுதிடலாம்" என்று உட்கார்ந்தேன். முப்பது வரியில் முதல் வெர்ஷன் தயார். உடனே விண்ணப்பங்கள் குவிந்தன.

"அவிழ்த்தா எல்லாம் ஒரே ஃபோல்டருக்குள்ள இருக்கணும் சார், வாசல்ல கொட்டக்கூடாது" என்றார் ஒருவர். "பாஸ்வேர்டு ஃபைலை மட்டும் விட்டுடுங்க" என்றார் இன்னொருவர். இரண்டும் சுலபம். மூன்றாமவர்தான் தூக்கத்தைக் கெடுத்தார்: "நேத்து கட்டினதும் இன்னிக்குக் கட்டினதும் ஒரே மூட்டையா இருக்கணும்."

நியாயமான ஆசைதானே? ஒரு எழுத்துகூட மாறாத ஃபைல்கள். ஆனால் சீட்டில் தேதி மாறும். கட்டினவர் பெயர் மாறும். டிஸ்க் ஃபைல்களைத் தருகிற வரிசையும் மாறும். ஜிஸிப் வேறு தன் பங்குக்கு நேரத்தைக் குறித்துவைக்கும். ஆகவே பெயர்களை அகரவரிசைப்படுத்தி, தேதியை ஒன்றாக நிறுத்தி, சொந்தக்காரர் இடத்தில் பூஜ்யம் போட்டேன். இப்போது அதே சுருக்கும் புரோகிராமை வைத்து யார் கட்டினாலும் பைட்டுக்கு பைட் ஒரே மூட்டை. இரண்டு மூட்டைகளின் 'ஷா-256' கைரேகையை ஒப்பிட்டால் போதும்.

"இதுக்கு ஏன்யா இத்தனை மெனக்கெடல்?" என்பவர்களுக்கு 2024-ல் நடந்ததைச் சொல்கிறேன். மேலே சொன்ன எக்ஸ்-ஸெட்டில், இரண்டு வருஷத்துக்கும் மேலாக உதவி செய்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர், திருட்டு வாசல் வைத்துவிட்டார். 5.6.0, 5.6.1 என்று இரண்டு வெர்ஷன்கள். சூட்சுமம் என்ன தெரியுமா? வாசலைத் திறந்துவிடுகிற வரிகள் பொதுவில் இருந்த மூலத்தில் இல்லை. வெளியிட்ட மூட்டையில் மட்டும் இருந்தன! மூட்டையில் சில உபரி ஃபைல்கள் இருப்பது வழக்கம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற எஞ்சினீயர், தூரத்துக் கம்ப்யூட்டருக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று குடைந்து பார்த்து, மார்ச் 29 அன்று குட்டை உடைத்தார். பல ஊர் கம்ப்யூட்டர்கள் தப்பித்தன. அரை விநாடிதான்! நம்மில் பலர் காபி குடிக்கப் போயிருப்போம்.

கட்டுகிறவர் நல்லவரா என்பது வேறு கேள்வி. மூலத்திலிருந்து நாமே மறுபடி கட்டிப் பார்த்து, அதே மூட்டை வருகிறதா என்று சரிபார்க்க முடியவேண்டும். கால் கிலோ புளி வாங்கினாலே பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கிற ஜாதி நாம். ஸோர்ஸ் கோடுக்கு மட்டும் என்ன சலுகை?