விட்டுப்போன முப்பது வருஷம்: துறைமுகத்து அளவுகோலும் எண்ணூர்க் கழியும்

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்து சில நாள் ஆகியிருந்தது. மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் கறுப்பாக மிதந்தது. படகு, வலை, அலையாத்திச் செடியின் தண்டு, கூழைக்கடாவின் இறக்கை எல்லாவற்றிலும் ஒரே பிசுக்கு. காட்டுக்குப்பம் கரையில் வலையைத் தேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னா தம்பி எழுதினுகிற? நஷ்டம் எவ்ளோன்னு எல்லாரும் வந்து கேக்குறாங்கோ. மின்னாடி எவ்ளோ இருந்துச்சுன்னு எங்கனா எழுதி வெச்சிக்கிறாங்களா?"

என்னிடம் பதில் இல்லை. பிறகு அரசு நிவாரணம் அறிவித்தது. பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய். இது தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கிற கணக்கு. கழியில் எவ்வளவு இறால், எவ்வளவு மடவை, எவ்வளவு நண்டு போனது என்று பார்த்துப் போட்ட கணக்கு இல்லை. அப்படிப் போட வேண்டுமானால் எண்ணெய் வருவதற்கு முந்தைய பத்து, இருபது வருஷத்துக் கணக்கு கையில் இருக்க வேண்டும். ஒரே இடத்தில், ஒரே முறையில், விடாமல் எடுத்த கணக்கு. அதைத்தான் நீண்டகாலக் கண்காணிப்பு என்கிறோம்.

பெரியவரின் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை. நம்ம வட சென்னையில் எதையாவது நூறு வருஷமாக யாராவது அளந்து எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேடினேன். ஒன்று இருக்கிறது. ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே, துறைமுகத்துக்குள்ளே.

துறைமுகத்து அளவுகோல்

கடல் மட்டத்தை அளக்கும் ஓதமானி அது. பழைய ஓதமானியின் அமைப்பு ரொம்ப எளிது. கடலோடு ஒரு சின்னத் துளையால் மட்டும் இணைந்த குழாய்க் கிணறு. துளை சின்னது என்பதால் அலையின் ஆட்டம் உள்ளே வராது. நீர்மட்டம் மெதுவாக ஏறி இறங்குவது மட்டும் தெரியும். உள்ளே ஒரு மிதவை. அதன் கயிறு ஒரு பேனாவை நகர்த்த, சுற்றும் உருளையில் சுற்றிய காகிதத்தில் கோடு விழும். இந்திய நில அளவைத் துறை இதுபோன்ற கருவிகளை நம் துறைமுகங்களில் வைத்துப் பதிவெடுத்து வந்திருக்கிறது. ரயில்வே ஸ்டேஷனின் மஞ்சள் பலகையில் 'கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர்' என்று போட்டிருக்கிறதே, அந்தக் கடல் மட்டம் இப்படிப்பட்ட கருவிகளிலிருந்து வந்ததுதான். 1909இல் முடிந்த இந்தியாவின் முதல் உயர அளவை வலையை ஒன்பது துறைமுகங்களின் சராசரிக் கடல் மட்டத்தோடு கட்டினார்கள். அந்த ஒன்பதில் சென்னையும் ஒன்று.

1933இல் சராசரிக் கடல் மட்டத்துக்கான நிரந்தரச் சேவை என்ற அமைப்பு உருவானது. இப்போது இங்கிலாந்தின் லிவர்பூலில் இயங்குகிறது. உலகெங்குமுள்ள 2,000க்கும் மேற்பட்ட நிலையங்களின் மாதச் சராசரி அங்கே போய்ச் சேருகிறது. அனுமதிக் கடிதமோ கட்டணமோ இல்லாமல் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். சென்னையின் வரிசையும் அதில் இருக்கிறது. ராயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு, பொடிநடையாகப் போகக்கூடிய துறைமுகத்தின் கணக்கை லிவர்பூலிலிருந்து இறக்கினேன்.

1916இல் வரிசை தொடங்குகிறது. சில வருஷம் ஓடுகிறது. பிறகு ஏறக்குறைய முப்பது வருஷம் வெற்றிடம். 1950களில்தான் மறுபடி எண்கள் வருகின்றன.

அந்த வெற்றிடத்தின் விலை என்ன? 1916 முதல் 2005 வரையிலான பதிவை வைத்துப் பார்த்தால் சென்னையில் கடல் மட்டம் வருஷத்துக்கு 0.33 மில்லிமீட்டர் உயர்ந்ததாகப் புவி அறிவியல் அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தந்த பட்டியல் சொல்கிறது. 1993இலிருந்து செயற்கைக்கோள்கள் அளந்த உலகச் சராசரியோ வருஷத்துக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல். அப்படியானால் சென்னையில் கடல் உயரவே இல்லையா?

அவசரப்படக் கூடாது. முதலில், இரண்டும் வேறு வேறு காலத்துக் கணக்கு. சமீப காலத்தில் உயர்வு வேகம் பிடித்திருக்கிறது. இரண்டாவது, ஓதமானி கடலை நிலத்தோடு ஒப்பிட்டுத்தான் அளக்கும். நிலம் தாழ்ந்தாலும் கடல் உயர்ந்த மாதிரிதான் காட்டும். அதே பட்டியலில் வங்காளத்தின் டைமண்ட் ஹார்பருக்கு 5.16 மில்லிமீட்டர், அங்கே நிலம் அமிழ்வதும் அதில் சேர்ந்திருக்கிறது. மூன்றாவதுதான் நம் விஷயம். நடுவில் முப்பது வருஷம் இல்லாத வரிசையில், முன்பகுதியும் பின்பகுதியும் ஒரே புள்ளியிலிருந்து அளந்ததுதானா என்பதே பெரிய கேள்வி. கருவியை இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வைத்தால்கூட அறுபது வருஷத்து உயர்வு மாயமாகிவிடும்.

அதனால்தான் அந்தச் சேவை எண்களை மட்டும் வாங்கி வைப்பதில்லை. கரையில் அடித்த குறிக்கல்லிலிருந்து அளவுகோலின் பூஜ்யம் எவ்வளவு கீழே, எப்போது மாற்றினார்கள் என்ற வரலாற்றையும் கேட்கிறது. அந்த வரலாறு சரியாக இருக்கும் நிலையங்களைத் தனிப் பிரிவாக வைத்திருக்கிறது. போக்கைக் கணக்கிட அவற்றைத்தான் பயன்படுத்தச் சொல்கிறது. எண்ணோடு எண்ணின் பிறப்புச் சான்றிதழும் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இன்னொன்றும் செய்கிறார்கள். சென்னையின் எண் சந்தேகமாக இருந்தால் பக்கத்து ஊர் எண்ணோடு ஒப்பிடுவார்கள். பக்கத்து ஊர்களில் ஏறாத மட்டம் சென்னையில் மட்டும் ஒரே மாதத்தில் எகிறினால், மாறியது கடல் இல்லை, கருவி என்று சந்தேகிக்கலாம். இதைப் படித்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. தரவைப் பகிர்வது தருமம் இல்லை. பூட்டி வைத்த கணக்கில் இருக்கும் தப்பு, வைத்திருப்பவருக்கே தெரியாது.

ராயபுரத்துக்காரனுக்கு இதெல்லாம் எதற்கு?

1876இல் துறைமுகத்தின் கற்சுவர் வேலை ஆரம்பித்தது. தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணலை அது மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் மணல் வரத்து நின்று கடல் உள்ளே வந்தது. கல் கொட்டியும் தூண்டில் வளைவு கட்டியும் இன்னும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். கரை தேய்வதில் கற்சுவரின் பங்கு எவ்வளவு, கடல் உயர்வதன் பங்கு எவ்வளவு? இதைப் பிரித்துச் சொல்லாவிட்டால் 'எல்லாம் பருவநிலை மாற்றம்' என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடலாம். பிரித்துச் சொல்லத் தேவை அந்த அளவுகோல்தான்.

பகிர்வு தாமதமானால் என்ன ஆகும் என்பதையும் நம் கரை பார்த்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை சுமத்ராவில் நிலம் அதிர்ந்தது. சென்னைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சென்னைத் துறைமுகத்து ஓதமானி அந்த அலையைப் பதிவு செய்தது. ஆனால் கருவி பதிவு செய்வது வேறு, அந்தப் பதிவு உடனே அடுத்த ஊருக்குப் போவது வேறு. இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்கு அப்போது கூட்டு எச்சரிக்கை அமைப்பே கிடையாது. அதற்குப் பிறகுதான் யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்தின் கீழ் அமைப்பு உருவானது. ஹைதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. 2011இலிருந்து இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் இந்தப் பெருங்கடல் முழுவதற்கும் எச்சரிக்கைத் தகவல் தருகின்றன. ஒரு நாட்டின் கருவி காட்டுவது நிமிடக் கணக்கில் இன்னொரு நாட்டுக்குப் போகிறது.

உயிர்களின் கணக்கு

கடல் மட்டத்துக்கு இப்படி ஒரு வலை இருக்கிறது. உயிர்களுக்கு?

காட்டுக்கு இருக்கிறது. 1980இல் பனாமாவின் பார்ரோ கொலராடோ தீவில் 50 ஹெக்டேர் காட்டைக் குறித்து, ஒரு சென்டிமீட்டர் தடிமன் உள்ள கன்று வரை ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார்கள். 1988இல் இந்திய அறிவியல் கழகத்தினர் முதுமலையில் அதே அளவு நிலத்தில் அதே முறையில் ஆரம்பித்தார்கள். முறை ஒன்று என்பதால்தான் பனாமாவின் மழைக்காட்டையும் நீலகிரி அடிவாரத்தின் காய்ந்த காட்டையும் பக்கத்தில் வைத்துப் பேச முடிகிறது. நாடுகளின் நீண்டகாலச் சூழல் ஆய்வு வலைகள் 1993இல் சர்வதேச அமைப்பாகச் சேர்ந்தன. இந்திய அரசும் 2015இல் பாரிஸ் மாநாட்டில் தன் நீண்டகாலக் கண்காணிப்புத் திட்டத்தை அறிவித்தது. இமயமலை, மேற்குத் தொடர்ச்சி மலை, சுந்தரவனம், அந்தமான் போன்ற இடங்களுக்கான திட்டம் அது. அனல்மின் நிலையத்துச் சாம்பலுக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் கிடக்கும் ஒரு கழியை அப்படிப்பட்ட பட்டியலில் சேர்க்க யாருக்குத் தோன்றும்? ஆனால் மாற்றம் வேகமாக நடப்பது இங்கேதான்.

பறவைக்காரர்கள் வழி காட்டியிருக்கிறார்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. பழவேற்காட்டுக்கும் எண்ணூருக்கும் வரும் வலசைப் பறவைகளுக்கு நாட்டு எல்லை கிடையாது. இங்கே குறைந்தால் இங்கே கெட்டதா, அவை முட்டையிடும் வடக்கே கெட்டதா என்று தெரிய, வழி முழுக்க ஒரே மாதத்தில் எண்ண வேண்டும். தமிழ்நாட்டில் 2015இலிருந்து பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கணக்கு ஈபேர்ட் தளத்தில் ஏறுகிறது. 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 30,000 பேர் இப்படிக் கொடுத்த 3 கோடி பதிவுகளிலிருந்து 942 இனங்களைப் பற்றிப் பேசியது. சம்பளம் வாங்காதவர்கள் எழுதிய கணக்கு அது.

இறாலுக்கும் மடவைக்கும் அப்படி யார் எழுதுவது?

கொடுத்தால் யாருக்கு லாபம்?

பகிர்வு என்றதும் வரும் எதிர்க்கேள்வியையும் மறைக்கக் கூடாது. "நாங்க சேத்துல நின்னு எடுப்போம், வெளிநாட்டுக்காரன் ஏசி ரூம்ல உக்காந்து கட்டுரை போடுவான்" என்று ஆராய்ச்சி மாணவர்கள் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். நியாயமான கோபம். மீன்பாடு எங்கே என்று எல்லோருக்கும் சொன்னால் பெரிய படகுக்காரன் வந்து வாரிக்கொண்டு போவான் என்ற மீனவரின் பயமும் நியாயமானதே. தரவு கண்டுபிடிக்கவும் மறுபடி பயன்படுத்தவும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்று 2016இல் 'ஃபேர்' என்ற நெறிகள் வந்தன. அது போதாது, தரவைத் தந்த மக்களுக்கு அதன் மேல் உரிமையும் பலனும் வேண்டும் என்று 2019இல் பழங்குடி மக்களின் தரவு உரிமைக்காக நிற்பவர்கள் 'கேர்' என்ற நெறிகளைச் சேர்த்தார்கள். ஈபேர்ட்டிலேயே வேட்டை ஆபத்துள்ள பறவைகளின் இடத்தை மறைத்துத்தான் காட்டுகிறார்கள். திறப்பது என்றால் கதவே இல்லாமல் விடுவது என்று அர்த்தம் இல்லை.

ஆனால் மூடி வைத்தால் நஷ்டப்படுவது பெரும்பாலும் உள்ளூர்க்காரன்தான். எண்ணூரிலேயே பாருங்கள். 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் கழி பாதுகாக்கப்பட்ட நீர்நிலை. பின்னால் புழக்கத்துக்கு வந்த வரைபடத்தில் அந்தக் கழியையே காணோம். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்த பிறகுதான் ஊருக்கே விஷயம் தெரிந்தது. பழைய வரைபடம் முதல் நாளிலிருந்தே எல்லோர் கையிலும் இருந்திருந்தால்?

என்ன செய்யலாம்?

பெரிய கருவி வேண்டாம். ஓர் இடம், ஒரு நேரம், ஒரு முறை. மாதம் ஒரு நாள், ஓதம் வடிந்த நேரத்தில், அதே துறையில் கரையேறும் பறிகளில் என்ன இருக்கிறது, எத்தனை பேர், எத்தனை மணி நேரம் இறங்கினார்கள் என்று எழுதலாம். ஒன்றும் கிடைக்காத நாளில் பூஜ்யம் என்று எழுத வேண்டும். பூஜ்யமும் கணக்கு, எழுதாத நாள்தான் வெற்றிடம். எழுதும் ஆள் மாறினால் அதையும், தராசு மாறினால் அதையும் குறிக்க வேண்டும். ஒரு பிரதி குப்பத்திலேயே, தமிழில் இருக்க வேண்டும். இன்னொன்று, குப்பத்தின் சம்மதத்தோடும் பெயரோடும் பொதுவெளிக்குப் போக வேண்டும்.

போன மாதம் மறுபடி காட்டுக்குப்பம் போனேன். பெரியவரிடம் லிவர்பூல் கதையைச் சொல்லி, அந்த முப்பது வருஷ ஓட்டையைப் போனில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அதை இனிமே ரொப்ப முடியாதா?"

"முடியாது நைனா."

"அப்போ நம்ம நோட்டை இன்னிக்கே போடு."

முதல் பக்கத்தில் தேதி, ஓத நேரம், துறையின் பெயர் எழுதியிருக்கிறோம். அன்றைக்கு மூன்று பேர் இறங்கினார்கள். இறால் ஒன்றரைக் கிலோ, நண்டு நாலு, மடவை பூஜ்யம்.