கொண்டை ஊசியில் ஆடும் நட்சத்திரம்

ஊர் கூடி ஏற்றிய விளக்கு – 9

சென்ற வாரம் பிரான்சின் லியோன் நகரத்து ஜன்னல்களைப் பார்த்தோம். 1852 டிசம்பர் 8-ம் தேதி, மழை மிரட்டிய ஒரு மாலையில், வீட்டுக்கு வீடு மெழுகுவத்தி ஏற்றி வைத்தார்களே, அந்த ஜன்னல்கள். அங்கே வீட்டுக்கு ஒரு விளக்கு. இந்த வாரம் போகிற இடத்தில் ஊருக்கே ஒரு விளக்குதான். உயரம் சுமார் 20 அடி. இரண்டு மாடி வீட்டை நிமிர்ந்து பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். உள்ளே ஆயிரக்கணக்கான பல்புகள். அத்தனையையும் ஆட்டி வைப்பது, பெண்கள் தலையில் செருகிக்கொள்கிற கொண்டை ஊசி.

பிலிப்பைன்ஸ் நாட்டின் சான் ஃபெர்னாண்டோ நகரத்துக்குப் போகிறோம். அந்த நாட்டில் இதே பெயரில் வேறு ஊர்களும் உண்டு. நாம் போவது மணிலாவுக்கு வடக்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டரில், பம்பாங்கா மாகாணத்தின் தலைநகராக இருக்கிற சான் ஃபெர்னாண்டோ. நாட்டின் கிறிஸ்துமஸ் தலைநகரம் என்றே இதை அழைக்கிறார்கள்.

வைகறை வழிக்கு ஒரு வெளிச்சம்

பிலிப்பைன்ஸில் கிறிஸ்துமஸ் காலம் செப்டம்பர் முதல் தேதியே பிறந்துவிடும். ‘பர்’ என்று முடிகிற நான்கு மாதங்களும் அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் மாதங்கள். கடைகளில் பாட்டு மாறும், வாசல்களில் நட்சத்திரம் ஏறும். ஆனால் ஊரின் மனசு முழுசாக அந்தப் பக்கம் திரும்புவது டிசம்பர் 16-ம் தேதி விடியலில்தான். அன்று தொடங்கி 24 வரை ஒன்பது நாளும் இருள் பிரியும் முன்பே தேவாலய மணி அடிக்கும். இந்த வைகறைப் பூசைகளுக்கு ‘சிம்பாங் காபி’ என்று பெயர். ஸ்பானியர் ஆண்ட காலத்திலிருந்து வருகிற வழக்கம். வயலுக்குப் போகிற குடியானவர்கள் வேலைக்கு முன்பே கும்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று அந்த நேரம் வைத்தார்கள்.

நமக்கு இதை விளக்கிச் சொல்லவே தேவையில்லை. அதே நாளையொட்டித்தான் இங்கே மார்கழி பிறக்கிறது. நம் தெருவில் கோலமும் திருப்பாவையுமாக விடிகிற அதே நாட்களில், கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு மக்களும் பனியில் எழுந்து கோயிலுக்கு நடக்கிறார்கள். பூசை முடிந்தால் நம் கையில் தொன்னைப் பொங்கல். அவர்களுக்குக் கோயில் வாசலில் ‘புட்டோ பும்போங்’. ஊதா நிறத்து ஒட்டரிசி மாவை மூங்கில் குழாயில் அடைத்து, ஆவியில் வேகவைத்து, வாழை இலையில் தட்டி, மேலே தேங்காய்த் துருவலும் கரும்புச் சர்க்கரையும் தூவித் தருவார்கள். குழாய்ப் புட்டு தின்று வளர்ந்தவர்களுக்கு அந்த வாசனை இங்கிருந்தே வரும்.

அந்த இருட்டு வழிக்குத்தான் முதலில் விளக்கு வேண்டியிருந்தது. மூங்கிலைச் சிம்பு சிம்பாகப் பிளந்து, நட்சத்திரமாகக் கட்டி, மெல்லிய வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே ஒரு சுடர். ஸ்பானிய மொழியில் விளக்குக்கூட்டுக்கு ‘ஃபரோல்’ என்று பெயர். தகலோக் பேசுகிறவர்கள் அதைப் ‘பரோல்’ ஆக்கினார்கள். பம்பாங்கா மக்களின் கபம்பாங்கன் மொழியில் ‘பரூல்’. பெத்லகேமுக்கு வழி காட்டிய விண்மீன் அது என்பது நம்பிக்கை. கோயிலுக்குப் போகிறவர் காலடியில் கல் எது, பள்ளம் எது என்று காட்டியதும் அதே விண்மீன்தான்.

இரண்டு அடி இருபது அடியானது

பம்பாங்காவில் அந்த ஒன்பது நாளும் இன்னொரு சடங்கும் நடக்கும். அதன் பெயர் ‘லுபேனாஸ்’. ஊர்ப் பாதுகாவலரான புனிதரின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு, மூங்கில் கழிகளில் பரூல் ஏந்தி, பாடிக்கொண்டே சிற்றாலயத்துக்குப் பவனி போவார்கள். 24-ம் தேதி நள்ளிரவுப் பூசைக்கு முன்னால் சுற்றுவட்டச் சிற்றூர்கள் எல்லாம் தங்கள் புனிதரோடும் விளக்கோடும் பெரிய கோயிலில் வந்து சேரும்.

அந்தக் காலத்துப் பரூல் இரண்டடி விட்டம்தான் இருக்கும். ஒருவர் கட்டலாம், ஒருவர் தூக்கலாம். பல ஊர் விளக்குகள் ஒரே முற்றத்தில் கூடும்போது என்ன நடக்கும்? ‘உங்கள் ஊர் விளக்கு பெரிதா, எங்கள் ஊர் விளக்கு பெரிதா’ என்ற கேள்வி எழும். அடுத்த வருஷம் நாலு வீடு சேர்ந்து ஒன்று கட்டும். அதற்கடுத்த வருஷம் தெருவே சேரும். கடைசியில் ஒரு பரங்கைக்கு ஒரே விளக்கு என்று வந்து நின்றது. பரங்கை என்பது அந்நாட்டின் மிகச் சிறிய நிர்வாகப் பிரிவு. நம் ஊராட்சி என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் வரைவார், ஒருவர் மூங்கில் தருவார், ஒருவர் காசு தருவார், கையில் ஒன்றும் இல்லாதவர் இரவு கண்விழித்துத் தாள் ஒட்டுவார். இப்படிச் சேர்ந்து இழுக்கிற குணத்துக்குப் பிலிப்பைன்ஸில் ‘பாயனிஹான்’ என்று ஒரு சொல் இருக்கிறது. நம்மிடம் ஊர் கூடித் தேர் இழுப்பது இருக்கிறது.

மின்சாரம் வந்த பிறகு வேகம் கூடியது. மின்விளக்குப் பரூல்களின் முதல் போட்டி 1930களின் தொடக்கத்தில் நடந்தது என்பது ஊர் மரபு. பின்னாளில் பிலிப்பைன்ஸின் அதிபரான மானுவல் கேசோன் பரிசு கொடுத்தார், அவர் மனைவி அவுரோரா அதைத் தன் கையால் வழங்கினார் என்று பெருமையோடு சொல்வார்கள். போட்டிக்குப் பெயர் ‘லிக்லிகன் பரூல்’. விளக்குப் போட்டி என்றுதான் பொருள்.

புதைந்த ஊரின் வெளிச்சம்

இந்த விழாவின் வேரைத் தேடினால் பக்கத்து ஊரான பகோலோருக்குப் போய்ச் சேருவோம். மாகாணத்தின் பழைய தலைநகர் அதுதான். 1904-ல் தலைமை சான் ஃபெர்னாண்டோவுக்கு மாறியபோது விளக்கு வழக்கமும் கூடவே வந்தது என்பார்கள்.

பகோலோருக்கும் நம் சென்னைக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1762-ல் பிரிட்டிஷ் படை ஒன்று மதராஸிலிருந்து கப்பலேறியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்களும் அதில் இருந்தார்கள். அக்டோபரில் மணிலா விழுந்தது. பணிய மறுத்த சீமோன் தே அந்தா என்ற ஸ்பானிய அதிகாரி பகோலோரில் போய் அமர்ந்து எதிர்ப்பைத் தொடர்ந்தார். மணிலா பிரிட்டிஷார் கையில் இருந்த 1764 வரை, அந்தச் சிற்றூர்தான் பிலிப்பைன்ஸின் தலைநகர். மதராஸ் கரையிலிருந்து போன ஒரு படையால் தலைநகரான ஊர் என்று அதைச் சொன்னால் தவறில்லை.

அந்தப் பெருமை பெற்ற ஊரைத்தான் மண் மூடியது. 1991 ஜூன் 15 அன்று பினாட்டுபோ எரிமலை வெடித்தது. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று அது. அன்றோடு தீர்ந்திருந்தால்கூடத் தேவலை. மலைச்சரிவில் மேடாகக் குவிந்த சாம்பலை ஒவ்வொரு மழைக்காலமும் கரைத்துக் கீழே அனுப்பியது. ஈரச் சிமெண்ட் ஆறாக ஓடி வருவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ‘லஹார்’ என்பது அதன் பெயர். 1995 அக்டோபர் 1-ம் தேதி, புயல் மழையில் அது பகோலோருக்குள் புகுந்தது. உயிர்களும் வீடுகளும் போயின. 12 மீட்டர் உயரமுள்ள சான் கியெர்மோ தேவாலயம் பாதிவரை புதைந்தது. ஆறு மீட்டர் என்றால் ஏறத்தாழ 20 அடி. நாம் பேசுகிற விளக்கு ஒன்றை நிற்க வைத்து மூடிவிடுகிற ஆழம்.

ஊர் மக்கள் திரும்பி வந்தார்கள். மண்ணைத் தோண்டி பீடத்தின் சிற்ப வேலைப்பாட்டை மீட்டு, உயர்ந்துபோன தரைமட்டத்துக்கு ஏற்ப மேலே தூக்கி வைத்தார்கள். இன்றைக்கும் அந்தக் கோயிலுக்குள் நுழைகிறவர்கள், பழைய ஜன்னல்கள் வழியாகத்தான் நுழைகிறார்கள். சான் ஃபெர்னாண்டோ தப்பியது. அதைக் காக்கப் பெரிய அணைக்கரை ஒன்றை எழுப்பினார்கள். சாம்பலுக்கும் சேற்றுக்கும் நடுவில் வாழ்ந்த அந்த மாகாணம் டிசம்பரில் விளக்குக் கட்டுவதை விட்டுவிடவில்லை. எனக்கு இந்த விழாவின் மேல் இத்தனை பிரியம் வந்தது அதனால்தான்.

பின்பக்கம் வாருங்கள்

முன்னால் நின்று பார்ப்பவர்களுக்கு அது ஒரு மாயக்கண்ணாடி. நடுவில் ‘தம்போர்’ என்கிற வட்டம் துடிக்கும். அதிலிருந்து சிவப்பு கிளம்பிப் பச்சையாகி, பச்சை சுழன்று மஞ்சளாகி, ஓர இதழ்கள்வரை ஓடிப்போய்த் திரும்பும். பாட்டு மெதுவானால் நிறமும் மெதுவாக மூச்சுவிடும். பாட்டு துள்ளினால் நட்சத்திரம் முழுவதும் துள்ளும். கம்ப்யூட்டர் வைத்துச் செய்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும்.

பின்பக்கம் போனால் கம்ப்யூட்டர் இல்லை. வியர்த்துக் கொட்டும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

இரும்புக் கம்பிகளை வளைத்து ஒட்டிய சட்டம். அதற்குள் அறை அறையாகத் தடுப்பு. ஒரு பல்பின் நிறம் பக்கத்து அறைக்குக் கசியக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு அறைக்கும் மினுங்கும் உறை. முகப்பில் பழைய வண்ணத்தாளுக்குப் பதில் இப்போது வண்ணப் பிளாஸ்டிக். ஒவ்வொரு பல்பு வரிசைக்கும் ஒரு வயர். அத்தனை வயர்களும் பின்னால் இறங்கி, மரச்சட்டத்தில் வரிசையாக வந்து நிற்கும். வயரின் நுனியில் ஒரு கொண்டை ஊசி.

ஊசிகளுக்கு நேர் கீழே படுக்கையாக ஓர் இரும்பு உருளை. பீப்பாய் அளவு இருக்கும். ‘ரோட்டார்’ என்கிறார்கள். அதில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். கொண்டை ஊசிகள் வளைந்து அந்த உருளையை உரசி நிற்கும். உருளை மேல் மாஸ்கிங் டேப்பைத் துண்டு துண்டாக ஒட்டியிருப்பார்கள். உருளையைச் சுழற்றினால் ஊசி சில நேரம் வெறும் இரும்பைத் தொடும், சில நேரம் டேப்பின் மேல் ஏறும். இரும்பைத் தொட்டால் அந்த வரிசை எரியும். டேப்பில் ஏறினால் அணையும். இவ்வளவுதான் சூத்திரம்.

சூத்திரம் சின்னது, உழைப்பு பெரியது. நூற்றுக்கணக்கான ஊசிகள், பல உருளைகள். எந்த வரிசை எந்த நொடியில் எரிய வேண்டும் என்பதை ஒருவர் மனசுக்குள் பாட்டை ஓடவிட்டபடி டேப்பாக வெட்டி ஒட்டுகிறார். நாட்டியத்துக்கு ஜதி கோர்ப்பது போன்ற வேலை. விளக்குச் சுவிட்சுகளைக் கையால் தட்டித் தட்டி ஆட்டிய பழைய முறைக்குப் பதிலாக, 1950களின் பிற்பகுதியில் இந்த உருளையைக் கொண்டுவந்தவர் என்று ரொடோல்ஃபோ டேவிட் என்ற கைவினைஞரின் பெயரைச் சொல்வார்கள். அவர் தேடியெடுத்த பொருள்களைப் பாருங்கள்: பழைய இரும்பு, ஒட்டுத் தாள், தலையில் செருகும் ஊசி. வீட்டில் கிடைக்காதது ஒன்றுமில்லை.

பாட்டு தொடங்கியதும் கைப்பிடியைப் பிடித்து, தாளத்துக்குத் தாளம் உருளையைச் சுழற்றுகிறார்கள். ஊசி உரசுகிற இடத்தில் பொறி தெறிக்கும். அரை நொடி முந்தினாலும் நட்சத்திரம் தாளம் தப்பும். முன்பக்கம் என்ன அழகு விரிகிறது என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. கூட்டத்தின் ஆரவாரம் காதில் விழும், அவ்வளவுதான்.

போட்டி இரவு

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை இரவு. ஒவ்வொரு பரங்கையிலிருந்தும் லாரியின் மேல் நிறுத்திய விளக்கு தேர்போல வருகிறது. கூடவே ஜெனரேட்டர், கூடவே ஊர். சட்டை ஒரே நிறத்தில், கையில் கொடி, தொண்டை கட்டும்வரை ஊர்ப் பெயர். சாந்தா லூசியா, டோலோரெஸ், தேல் பிலார், சான் நிக்கோலாஸ், தெலபஸ்தகன் என்று பல பரங்கைகள் இந்தப் போட்டியில் பேர் வாங்கியவை. விளக்குகள் முதலில் தனித்தனியே ஆடும். பிறகு சேர்ந்து ஆடும். பல நட்சத்திரங்கள் ஒரே பாட்டுக்கு ஆடும் நேரம், அத்தனை ஊரும் கத்துவதை நிறுத்திவிட்டுப் பார்க்கும்.

எல்.இ.டி. வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் எழுதிவிட்டால் ஊசியும் வேண்டாம், உருளையும் வேண்டாம், பத்துப் பேர் வேலையை ஒரு பெட்டி பார்த்துக்கொள்ளும். சாலையோரக் கடைகளில் விற்கிற சின்ன நட்சத்திரங்களில் அப்படித்தான் ஓடுகிறது. போட்டியில் மட்டும் உருளை இன்னும் சுழல்கிறது. அதை மாற்றக்கூடாது என்பதே என் ஆசையும். பெட்டி வந்தால் வெளிச்சம் குறையாது. ஊருக்கு அந்த விளக்கில் கை வைக்க இடம் இல்லாமல் போய்விடும். பல்பு மாட்டுகிறவன், வயர் கட்டுகிறவன், டேப் வெட்டுகிற பெண், உருளை சுழற்றுகிற கிழவர் என்று எல்லாருக்கும் வேலை இருந்ததால்தான் அது ஊர் விளக்கு. மண் மூடிய மாகாணத்தில் அது அணையாமல் இருந்ததும் அதனால்தான்.

பெரிய விளக்குகள் மைதானத்தில் ஆடுகிற அதே டிசம்பரில், சில பரங்கைகளின் தெருக்களில் இன்னும் லுபேனாஸ் போகிறது. மூங்கில் கழி, தாள் நட்சத்திரம், பின்னால் புனிதரின் சுரூபம், வாய்விட்டுப் பாடும் பெண்கள். பிடித்து நடக்கிற சிறுவனின் தலைக்குமேல் ஒரு கழி உயரத்தில் அந்த நட்சத்திரம் அசைந்து போகும். வழியில் பள்ளம் வந்தால் அவன் கழியைச் சற்றுத் தாழ்த்துவான். பின்னால் வருகிற பாட்டிக்குத் தெரிய வேண்டுமே.

அடுத்த வாரம்: ஆற்றங்கரையெல்லாம் வெளிச்சம் கட்டும் கொலம்பியாவின் மெடலின் நகரத்துக்குப் போவோம்.

(விளக்கு தொடரும்)