அறிதலும் செய்தலும்

செய்ய வேண்டியது இன்னதென அறிதல் வேறு. அதனை உரிய காலத்தில் செய்து முடித்தல் வேறு. பலரிடத்து இவ்விரண்டும் உடன்பிறந்தவை போல இணைந்து நிற்கின்றன. சிலரிடத்தோ இவற்றினிடையே ஓர் ஆழ்ந்த பள்ளம் கிடக்கின்றது. வரி செலுத்த வேண்டிய நாளை அவர்கள் அறிவர். செலுத்துதற்குரிய பணமும் கையில் இருக்கும். எனினும் நாள் கடந்துவிடும். திறவுகோலைத் தேடுவதிலேயே காலைப்பொழுது கழியும். தொடங்கிய பணிகள் பல; முடித்தவை சில. இத்தகையோரைச் சோம்பர் என்றும் பொறுப்பிலார் என்றும் உலகம் பழிக்கின்றது. அப்பழி முறையாகுமா?

முறையாகாது என்பர் மருத்துவ நூலார். இந்நிலையைக் ‘கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு’ என அவர்கள் வழங்குவர். ஒரு பொருளில் மனத்தை நிறுத்த இயலாதவரைப் பற்றி, ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் 1798-ஆம் ஆண்டிலேயே தம் நூலில் எழுதினார். அறிவில் குறைவின்றியும் தம்மை அடக்கிக்கொள்ள இயலாத சிறுவர்களைப் பற்றி, ஜார்ஜ் ஸ்டில் என்னும் மருத்துவர் 1902-இல் இலண்டனில் சொற்பொழிவுகள் ஆற்றினார். இது சிறுவர்க்கே உரியது, வளர வளர நீங்கும் என நெடுங்காலம் கருதப்பட்டது. அச்சிறுவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தோர், அவர்களுள் பலருக்கு இக்குறை வளர்ந்த பின்னும் நீடித்தலைக் கண்டனர். ஓடியாடும் துடிப்பு அடங்கும். மறதியும் காலக் கணக்கில் தடுமாற்றமும் எஞ்சி நிற்கும். வளர்ந்தோருள் நூற்றுக்கு 2 அல்லது 3 பேர் இந்நிலையினர் என மதிப்பிடுவர்.

இதன் காரணம் யாது? மூளையின் முற்பகுதி, வயலுக்கு நீர் பாய்ச்சும் உழவனைப் போன்றது. வேண்டிய மடையைத் திறந்தும் வேண்டாத மடையை அடைத்தும் அது கவனத்தைச் செலுத்துகின்றது. இக்குறையுடையோர்க்கு நீர் இல்லாமலில்லை. மடைகளே சொற்படி நிற்பதில்லை. ஆதலின் ஒரு வயல் காய்ந்து கிடக்க, விருப்பமான மற்றொரு வயலில் வெள்ளம் தேங்கும். இது பெரும்பாலும் மரபுவழி வருவது. எனவே ஒரே இல்லத்தில் தந்தைக்கும் மகளுக்கும் இருத்தலும் உண்டு.

இக்குறையைத் தேர்ந்து கூறுதலும் மருந்து அளித்தலும் மருத்துவர் கடமை. அதனோடு பயிற்றுநரின் துணையும் பயன் தரும் என, எட்வர்டு ஹாலோவெல், ஜான் ரேட்டி என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் இருவர் 1994-இல் வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தனர். பயிற்றுநர் மருத்துவர் அல்லர். அன்றாட வாழ்வுக்கு வழித்துணை ஆவார். “எவ்விடத்தில் தடைப்படுகின்றது?” என்பதே அவர் முதலில் வினவுவது. பின்னர், மனத்தில் நில்லாதவற்றைக் கண்முன் நிறுத்தக் கற்பிப்பார். திறவுகோலுக்கு வாயிலருகே ஓர் ஆணி; நாட்பணிகளுக்குச் சுவரில் ஒரு பலகை; காலத்தை உணர்த்த மணியடிக்கும் கடிகாரம். “வீட்டைத் தூய்மை செய்க” என்னும் பெரும்பணி, “மேசைமேலுள்ள தாள்களை அடுக்குக” என்னும் சிறுபணியாகச் சுருங்கும். தனித்துத் தொடங்க இயலாதவர், மற்றொருவர் அருகில் அமர்ந்து தம் வேலையைச் செய்யத் தாமும் எளிதில் தொடங்குவர். வாரந்தோறும் பயிற்றுநரிடம் நடந்ததைக் கூறுதல் அவர்க்கு ஊக்கம் தரும்.

இப்பயிற்சி ஒருவரோடு நிற்பதன்று, குடும்பத்துக்கும் உரியது. ஒருவர் மறக்க, மற்றவர் நினைவூட்டுவார். நினைவூட்டல் நாளடைவில் கண்டனமாகும். கண்டனம் கேட்டவர் ஒளிக்கத் தொடங்குவார். கணவனும் மனைவியும் இவ்வாறு ஆசிரியரும் மாணவரும் போல ஆகிவிடுதல் பெருந்துன்பம். ஆகவே வாரத்தில் ஒருநாள் அமைதியாக அமர்ந்து, இன்ன பணி இன்னார்க்கு எனப் பகுத்து எழுதிக்கொள்ளுமாறு பயிற்றுநர் கூறுவர். நினைவூட்டும் வேலையைப் பலகையும் கடிகாரமும் ஏற்றுக்கொள்ள, இல்லத்தார் அன்பு செலுத்த ஓய்வு பெறுவர்.

இக்குறை உண்டெனக் கூறிக் கடமையினின்று நழுவுதல் தகாது. தவறிய செயலுக்கு ஈடு செய்தலும் அடுத்த முறை தவறாதிருக்க வழி வகுத்தலும் அவர்தம் பொறுப்பேயாம். ஆயினும் பார்வை மங்கியவரைக் கூர்ந்து பார் என்று நாம் அதட்டுவதில்லை. கண்ணாடி வாங்கித் தருகின்றோம். மனம் நிலைகொள்ளாதவர்க்கும் அத்தகைய கருவி வேண்டும். அதனை அளிப்பதே அறிவுடைமை, அன்புடைமையும் அதுவே.