முகத்துக்குப் பூசும் டியூப், சிறுநீரகம் கொடுக்கும் விலை

அரிப்புக்கு வாங்கியது கன்னத்துக்கு ஏறுகிறது

தேனி மாவட்டத்துத் தேவாரத்திலிருந்து பொழுது விடியுமுன் ஜீப் ஏறும் பெண்கள், மலையேறிக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் இறங்கும்போது செடியெல்லாம் ஈரம் சொட்டிக்கொண்டிருக்கும். ஆடி, ஆவணியில் நாள் முழுக்க நனைந்த துணியோடுதான் களையெடுப்பும் காயெடுப்பும். ஏலத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்தும் கொஞ்சநஞ்சமல்ல. ஈரம், வியர்வை, மருந்து மூன்றும் சேர்ந்தால் தோல் தாங்காது. பாவாடை கட்டும் இடத்திலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை வரும். கையிலும் காலிலும் அரிப்பு ஓயாது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வசதியில்லை. சாயங்காலம் ஜீப்பை விட்டு இறங்கியதும் மெடிக்கலில் “அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்கண்ணே” என்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

இரண்டே நாளில் அரிப்பு அடங்கிவிடுகிறது. கொஞ்ச நாள் தொடர்ந்து பூசினால், பூசிய இடம் வெளுத்திருப்பதும் கண்ணில் படுகிறது. “மங்குக்கும் இதையே போடலாமாம்க்கா, எங்க நாத்தனா போட்டு முகம் பளிச்சுன்னு ஆயிருச்சு” என்று பக்கத்தில் இருப்பவர் சொல்ல, டியூப் கன்னத்துக்கு ஏறுகிறது. அம்மா பூசுவதைப் பார்த்துப் பத்தாவது படிக்கிற மகளும் பூசத் தொடங்குகிறாள். அவளுக்கு மங்கு எதுவும் இல்லை. கறுப்பாக இருக்கிறோம் என்ற கவலைதான் இருக்கிறது.

மங்கு என்கிற கருந்திட்டு, தேய்த்துக் கழுவினால் போகிற அழுக்கு அல்ல. கர்ப்பகாலத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் ஹார்மோன் மாறுகிறது. அதோடு வெயிலும் அனலும் பரம்பரை வாகும் சேரும்போது, தோலுக்கு நிறம் தரும் மெலனின் சில இடங்களில் கூடுதலாகச் சுரந்து திட்டுத்திட்டாகப் படிகிறது. அதனால் உடம்புக்குக் கேடு ஒன்றும் இல்லை. பிரசவத்துக்குப் பின் பலருக்குத் தானாகவே குறைந்துவிடும். இந்த மெலனின்தான் வெயிலில் வேலை செய்பவரின் தோலைப் புற ஊதாக் கதிரிலிருந்து காக்கிற கவசமும்கூட.

டியூப்புக்குள் இருப்பது

இப்படிக் கைமாறும் டியூப்களில் பெரும்பாலும் இருப்பது ஸ்டீராய்டு. அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். மங்குக்கென்று எழுதித்தரும் கலவையில் ஹைட்ரோகுயினோனும் ட்ரெட்டினாயினும் சேர்ந்திருக்கும். இவை கெட்ட மருந்துகள் அல்ல. கரப்பானுக்கும் சொரியாசிஸுக்கும் தோல் டாக்டர் அளவு பார்த்து, சில நாளுக்கென்று எழுதிக்கொடுப்பார். அதையே முகத்தில் மாதக்கணக்கில் பூசும்போதுதான் வினை வருகிறது.

முகத்துத் தோல் மெல்லியது, மருந்தை வேகமாக உறிஞ்சும். முதல் சில வாரம் கண்ணாடியில் மினுமினுப்பு தெரியும். பிறகு தோல் மெலிந்து அடியிலிருக்கும் ரத்தக் குழாய்கள் செக்கச்செவேலென வலைபோலத் தெரிய ஆரம்பிக்கும். பரு கிளம்பும். பெண்களுக்குக் கன்னத்திலும் தாடையிலும் முடி வளரும். வெயிலில் பத்து நிமிடம் நின்றால் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரியும். பயந்துபோய் நிறுத்தினால் முகம் சிவந்து வீங்கும், கறுப்பு முன்னைவிடக் கூடும். உடனே மறுபடி அதே டியூப்பை எடுக்கிறார்கள். ஸ்டீராய்டால் சிதைந்த முகம் என்று இதற்குத் தனிப் பெயரே வைத்து, இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது.

படர்தாமரைக்கும் இது எதிரி. அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளரவிடும். வட்டமாக விளிம்பு கட்டித் தெரிந்தது அடையாளம் மாறி, வீட்டில் எல்லோருக்கும் பரவும்.

2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலுக்குக் கொண்டுவந்தது. சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. கடைக்காரர் சீட்டு கேட்க வேண்டும். கேட்டால் வாங்குகிறவர் கோபித்துக்கொள்ளாமல் இருக்கவும் வேண்டும்.

கோட்டக்கல் டாக்டர்கள் கண்டது

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் கோட்டக்கல் என்ற ஊர், ஆரிய வைத்தியசாலையால் நம்மவர்களுக்கும் தெரிந்த பெயர். அங்குள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில் ஒரே வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு பழுதாகி, உடம்புக்கு வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகிப்போகிற நோய் அது. அந்த 22 பேரில் 15 பேருக்கு, அரிதாகக் காணப்படும் நெல்-1 என்ற புரதம் சவ்வில் படிந்திருந்தது. அந்தப் பதினைந்தில் 13 பேர், நோய் தொடங்குமுன் சிவப்பழகுக் களிம்பு பூசியதாகச் சொன்னார்கள். ஒருவருக்கு மூளையின் ரத்தக் குழாயில் உறைகட்டியே ஏற்பட்டது. 2024-ல் ‘கிட்னி இன்டர்நேஷனல்’ இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது.

இந்த நோய்க்குக் காரணமாக மருத்துவர்கள் காட்டுவது இத்தகைய களிம்புகளில் கலக்கும் பாதரசம். மெலனின் சுரப்பதை அது தடுத்துவிடுவதால் முகம் சீக்கிரம் வெளுக்கும். பூசியவரின் தோல் வழியே ரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தில் தங்கும். நரம்பையும் தாக்கும். ஆவியாகவும் கிளம்புவதால், அதே தலையணையில் படுக்கும் குழந்தைக்கும் போய்ச் சேரும். முகக் களிம்பில் பாதரசம் சேர்க்க இந்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கை நாடுகளும் 2025-க்குள் அழகுப்பொருள்களில் அதை அறவே ஒழிப்பதென்று 2023-ல் முடிவெடுத்தன. அதே 2023-ல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடைகளைச் சோதித்து, உரிமமில்லாத அழகுப்பொருள்களைப் பறிமுதல் செய்தது. ஒரு நல்ல செய்தியும் உண்டு. களிம்பை நிறுத்திய பிறகு அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் தேறினார்கள்.

தினமும் கேரளத்துக்குப் போய்த் திரும்புகிற ஊர் நம்முடையது. அங்கே விற்கும் சரக்கு இங்கே வந்து சேர ஒரு ஜீப் பயணம் போதும்.

ஆசையை விதைத்தவர்கள்

1975-ல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ஃபேர் அண்ட் லவ்லியைக் கொண்டுவந்தது. பிறகு வந்த சிவப்பழகு விளம்பரங்கள் ஏறக்குறைய ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லின. கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை அமையாது. களிம்பு பூசினால் இரண்டும் வரும். ஜனநாயக மாதர் சங்கம் எதிர்த்துப் புகார் கொடுத்ததால் 2003-ல் சில விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன. கறுத்தவர்களை அழகற்றவர்களாகவும் தோற்றவர்களாகவும் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர மன்றம் 2014-ல்தான் விதி வகுத்தது. 2020-ல் அந்தக் களிம்பின் பெயர் க்ளோ அண்ட் லவ்லி என்று மாறியது. ஒரு தலைமுறைப் பெண்கள் அதற்குள் தாயாகிவிட்டார்கள்.

அந்தக் கடைக் களிம்பில் ஸ்டீராய்டோ பாதரசமோ இருந்ததாக நான் சொல்லவில்லை. என் கவலை வேறு. விளம்பரம் ஊட்டிய ஆசையை அந்தக் களிம்பால் நிறைவேற்ற முடியவில்லை. நிறைவேறாத ஆசையோடு அடுத்த, வலுவான டியூப்பைத் தேடிப் போனார்கள். இந்த நோய்க்கு வேர் அங்கே இருக்கிறது.

திரைக்கு இவ்வளவு வலு உண்டா என்று கேட்பவர்களுக்குப் பசிபிக் தீவான ஃபிஜியின் அனுபவம் பதில் சொல்லும். அங்கே நட்ரோகா என்ற பகுதிக்கு 1995-ல்தான் தொலைக்காட்சி வந்தது. உருண்டு திரண்ட உடம்பை அழகென்று கொண்டாடிய சமூகம் அது. ஆன் பெக்கர் என்ற ஹார்வர்டு ஆய்வாளர் பள்ளி மாணவிகளை அப்போதும் மூன்றாண்டு கழித்தும் ஆராய்ந்தார். உணவுப் பழக்கம் கோளாறான மாணவிகள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாகக் கூடியிருந்தார்கள். மெலிவதற்காக வேண்டுமென்றே வாந்தி எடுப்பவர்கள் முதலில் ஒருவர்கூட இல்லை. 1998-ல் 11.3 சதவீதம் பேர் இருந்தார்கள்.

நம் ஊர்க் கூலி வீடுகளுக்கு 2006-க்குப் பிறகு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தது. இப்போது ஒவ்வொரு கையிலும் செல்போன். அதன் ஃபில்டர் தோலை வெளுக்கவைத்து, மூக்கை ஒடுக்கி, பருவை அழித்துத் தருகிறது. முன்பெல்லாம் நடிகையோடு தன்னை ஒப்பிட்டு வருந்தியவள், இப்போது தன் முகத்தையே தன் முகத்தோடு ஒப்பிட்டு வருந்துகிறாள். இது அதைவிடக் கொடுமை.

நாயகன் கறுக்கலாம், நாயகி கூடாது

தமிழ் சினிமா கறுத்த நாயகர்களைத் தலைமேல் தூக்கிவைத்தது. ரஜினிகாந்த், விஜயகாந்த், முரளி என்று மூவரை உடனே சொல்லலாம். அதே அளவு கறுத்த நாயகிகளை எண்ணப் பார்த்தால் விரல் மடங்குவதில்லை. நாயகன் விஷயத்திலும் 2007-ல் வந்த ‘சிவாஜி’ ஒரு படி இறங்கியது. நாயகிக்காகச் சிவப்பாகப் படாதபாடு படும் ரஜினியை நகைச்சுவையாகக் காட்டி, ஒரு பாட்டில் கணினி நுட்பத்தால் அவரை வெள்ளைக்காரராகவே ஆக்கியது. திரையில் சிரித்துவிட்டு வந்த சிறுவர்கள் அதை மறந்துவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை.

இசைக்குப் பண்ணைப்புரத்து இளையராஜாவையும் கிராமத்தைப் படமெடுக்க அல்லிநகரத்துப் பாரதிராஜாவையும் கொடுத்த மாவட்டம் நம்முடையது. 2018-ல் லெனின் பாரதி எடுத்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’, ஏலமூட்டை சுமக்கும் இந்த மலையடிவாரத்து மனிதர்களை அவர்களுடைய நிறத்தோடும் நடையோடும் காட்டியது. அப்படிப்பட்ட படங்கள் இன்னும் நிறைய வேண்டும். சாய் பல்லவி 2015-ல் ‘பிரேமம்’ படத்தில் முகத்துப் பருவை மறைக்காமல் நடித்தார். பின்னால் சிவப்பழகுக் களிம்பு விளம்பரம் ஒன்றையும் மறுத்தார். மருத்துவம் படித்தவர் அவர். பரு வந்த எத்தனையோ பெண்களுக்கு அந்த ஒரு படம் பெரிய ஆறுதல்.

வீட்டுக்குள் நடப்பது இதைவிட வலி தருவது. பெண் பார்க்க வருகிறவர்கள் நிறத்தைப் பார்த்து நகையின் பவுனைக் கூட்டுகிறார்கள். 1961-ல் போட்ட வரதட்சணைத் தடைச் சட்டம் அந்தத் திண்ணையில் செல்லுபடியாவதில்லை. போடிச் சந்தையில் ஏலக்காய்க்கு நிறத்தையும் பருமனையும் பார்த்து விலை போடுகிறார்கள். காய்க்குச் சாயம் ஏற்றினால் சட்டப்படி குற்றம். பெண் தன் முகத்துக்கு ஏற்றிக்கொண்டால் மட்டும் பாராட்டுகிறோம். வயதுக்கு வந்த பெண்ணிடம் “வெயில்ல அலையாத, கறுத்துருவ” என்று சொல்லியே கபடியையும் ஓட்டத்தையும் நிறுத்திவிடுகிறோம். ஒல்லியாக வேண்டுமென்று அவள் காலைச் சாப்பாட்டை விடுகிறாள். பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கும் மாநிலம் இது. தோட்டத்தில் உழைத்துக் கறுத்த கைதான் அந்த வீட்டுக்குச் சோறு போடுகிறது. அந்தக் கறுப்பைக் குறையென்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

பையன்களும் தப்பவில்லை. ஆண்களுக்கான சிவப்பழகுக் களிம்பு 2005-லேயே வந்துவிட்டது. ‘வாரணம் ஆயிரம்’ காலத்திலிருந்து சிக்ஸ் பேக் ஆசையும் சேர்ந்துகொண்டது. ஜிம்மில் யாரோ போட்டுவிடும் தசை ஊசிகள் கல்லீரலையும் இதயத்தையும் கெடுக்கும், ஆண்மைச் சுரப்பைக் குறைக்கும்.

டியூப்பைக் கையில் எடுக்குமுன்

தயாரித்தவர் முகவரியும் சேர்மானப் பட்டியலும் இல்லாத களிம்பைத் தொடாதீர்கள். மெர்க்குரி, கலோமெல், மெர்க்குரஸ் குளோரைடு என்ற பெயர்கள் பாதரசத்தைக் குறிப்பவை. ஒரு வாரத்தில் சிவப்பாக்கும் என்று சொல்லும் எதையும் சந்தேகப்படுங்கள். வெளுப்பதற்கென்று போடும் குளூட்டாதயோன் ஊசிக்கு ஆசைப்படாதீர்கள். அப்படிப் போடுவது பாதுகாப்பானது என்று நிரூபிக்கப்படவில்லை.

ஸ்டீராய்டு களிம்பை நீண்டநாள் பூசியவர்கள் திடீரென்று நிறுத்தாமல் தோல் டாக்டரைப் பாருங்கள். படிப்படியாக எப்படி நிறுத்துவதென்று அவர் சொல்வார். க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. பாதரசக் களிம்பு என்று சந்தேகம் வந்தால் அன்றே நிறுத்திவிடலாம். சிறுநீர் நுரைத்துப் போனாலோ, காலையில் முகமும் சாயங்காலம் காலும் வீங்கினாலோ காத்திருக்க வேண்டாம். சிறுநீரில் புரதம் பார்க்கும் பரிசோதனை எளிது, அரசு மருத்துவமனையிலேயே செய்வார்கள்.

மங்கு இருப்பவர்களுக்கு முதல் மருந்து வெயில் மறைப்பு. தலையில் போடும் துண்டை நெற்றியும் கன்னமும் மறையும்படி இறக்கிக் கட்டுங்கள். முடிந்தால் டாக்டர் சொல்லும் சன்ஸ்கிரீன் பூசலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் மங்குக் களிம்பு எதையும் தாங்களாகப் பூசக் கூடாது. டாக்டரிடம் போகும்போது இதுவரை பூசிய டியூப், டப்பா எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். பார்லரில் பூசியதையும் பக்கத்து வீட்டில் வாங்கியதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சந்தேகமென்றால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.